சுல்தான் விளையாடிய முற்றம்

ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர்களுக்குச் சுல்தானைத் தெரியாமல் இருக்காது. சுல்தான் என்றதும் அரண்மனையையும் கிரீடத்தையும் நினைத்துவிடாதீர்கள். இவன் ஒரு சிம்பன்சி. கல்வி உளவியல் நூல்களில் 'உட்காட்சி வழிக் கற்றல்' என்ற தலைப்பின் கீழ் ஆண்டு தவறாமல் வந்து நிற்பவன். தேர்வுக்கு வரும் வினா, பத்து மதிப்பெண்.

கதை இதுதான். கூண்டுக்குள் ஒரு சிம்பன்சி. கூண்டுக்கு வெளியே, கைக்கு எட்டாத தூரத்தில், ஒரு வாழைப்பழம். உள்ளே இரண்டு குச்சிகள். இரண்டுமே தனித்தனியாகப் பழத்தை எட்டா. சிம்பன்சி முயல்கிறது, தோற்கிறது, உட்கார்ந்து யோசிக்கிறது. திடீரென்று அதன் மூளையில் ஒரு மின்னல்! ஒரு குச்சியை இன்னொன்றுக்குள் செருகி நீளமாக்கிப் பழத்தை இழுத்துக்கொள்கிறது. ஆகவே, கற்றல் என்பது திடீரென்று தோன்றும் உட்காட்சி. சுபம்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். உளவியல் என் துறை அன்று. ஆனாலும் பி.எட். படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் இந்தக் கதையைப் படித்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. குச்சியையே பார்த்திராத ஒருவனுக்குக் குச்சியைப் பற்றிய மின்னல் எங்கிருந்து வரும்? மூல நூலைத் தேடிப் படித்தேன். அதில் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். நம் பாடநூல்கள் சுருக்கிச் சொன்னபோது கதையிலிருந்து ஒரு முக்கியமான பாத்திரத்தை நீக்கிவிட்டன. அந்தப் பாத்திரம், சுல்தான் ஏறிக் குதித்து விளையாடிய முற்றம்!

மூல நூல் என்ன சொல்கிறது?

சோதனையைச் செய்தவர் வொல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானியர். உளவியல் அறிஞர் என்றாலும் பெர்லினில் மாக்ஸ் பிளாங்கின் பௌதிக வகுப்புகளில் அமர்ந்து கற்றவர். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கேனரித் தீவுகளில் ஒன்று டெனெரிஃப். அங்கே பிரஷ்ய அறிவியல் கழகம் மனிதக் குரங்குகளை ஆராய ஒரு நிலையம் அமைத்திருந்தது. 1913ஆம் ஆண்டின் இறுதியில் கோலர் அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஊர் திரும்ப வழியில்லை. 1920 வரை அத்தீவிலேயே தங்கினார். 1917இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவரது நூல், 1925இல் 'மனிதக் குரங்குகளின் மனநிலை' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது.

அந்த நிலையத்தில் சோதனைக்கான கூண்டுகள் இருந்தன. ஆனால் சிம்பன்சிகள் நாள் முழுவதும் அவற்றுக்குள் கிடக்கவில்லை. கம்பிவலை சூழ்ந்த பெரிய திறந்தவெளி ஒன்று அவற்றுக்கு இருந்தது. அங்கே ஏறின, தொங்கின, ஒன்றையொன்று துரத்தின. கிடைத்த கழி, பெட்டி, கந்தல் துணி எல்லாவற்றையும் எடுத்து விளையாடின. கோலர் தம் நூலில் இந்த விளையாட்டுகளைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார்.

அவற்றில் ஒன்று கழியேற்றம். நீண்ட கழியைத் தரையில் நிமிர்த்து, அது சாய்ந்து விழுவதற்குள் அதன்மீது விறுவிறுவென்று ஏறி, உச்சியிலிருந்து தாவுவது! தொடங்கி வைத்தவன் சுல்தான். மற்றவை அவனைப் பார்த்துச் செய்தன. சிக்கா என்ற பெண் சிம்பன்சி இதில் எல்லோரையும் மிஞ்சியது. தன்னைவிடப் பல மடங்கு நீளமான கழிகளையும் நிமிர்த்து ஏறியது. இந்த விளையாட்டுக்கு யாரும் பழம் கொடுக்கவில்லை. பின்னர் ஒரு நாள் பழத்தை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, அதே கழியேற்றம் பழம் பறிக்கும் கருவியாயிற்று. முதலில் விளையாட்டு, பிறகு பயன். இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரட்டைக் குச்சிக்கு வருவோம். சுல்தான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முயன்று தோற்றான். கோலரே மனமிரங்கி, குச்சியின் துளைக்குள் தம் விரலை நுழைத்து மறைமுகமாகக் காட்டினார். அப்படியும் பலிக்கவில்லை. சோதனை தோல்வி என்று முடிவு செய்து, காவலாளியை மட்டும் இருத்திவிட்டு அவர் போய்விட்டார். அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர் காவலாளிதான்! சுல்தான் பழத்தைப் பற்றிய கவலையை விட்டான். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து குச்சிகளை வைத்துச் சும்மா விளையாடிக்கொண்டிருந்தான். கைக்கொன்றாகப் பிடித்திருந்த குச்சிகள் தற்செயலாக ஒரே நேர்கோட்டில் வந்தன. மெல்லியதைப் பருத்ததன் துளைக்குள் செருகினான். உடனே எழுந்து கம்பியருகே ஓடிப் பழத்தை இழுத்தான். அதோடு நிற்கவில்லை. இழுத்த பழத்தைத் தின்னக்கூட நேரமின்றி, எட்டிய பொருளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே இருந்தான். கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி அத்தகையது!

பார்த்தீர்களா? பாடநூலில் 'உட்கார்ந்து யோசிக்கிறது' என்று இருப்பது, மூல நூலில் 'உட்கார்ந்து விளையாடுகிறது' என்று இருக்கிறது. ஒரே ஒரு சொல் மாற்றம். ஆனால் அந்தச் சொல்லோடு முற்றமும் போய்விட்டது.

கோலரைக் குறைகூற இடமில்லையா? உண்டு. இந்த விலங்குகள் அன்றைய ஜெர்மானியக் குடியேற்ற நாடான கமரூனிலிருந்து பிடித்து வரப்பட்டவை. காட்டுக்குட்டி ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் அதன் தாயைக் கொல்லாமல் பெரும்பாலும் முடியாது. நூலில் இந்த விலை பேசப்படவில்லை. சிம்பன்சிகள் பிடிபடுவதற்கு முன் காட்டில் எதை ஏறிக் கற்றன, எதை ஒடித்துக் கற்றன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே 'திடீரென்று' என்ற சொல்லை அவர் இன்னும் சற்றுத் தயங்கிப் பயன்படுத்தியிருக்கலாம்.

மூன்று நாள் விளையாட்டு

இந்த ஐயத்தை 1945இல் ஹெர்பர்ட் பர்ச் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவில் சோதனைச்சாலையில் வளர்ந்த ஆறு இளம் சிம்பன்சிகளுக்குக் குச்சியால் உணவை இழுக்கும் எளிய புதிரைக் கொடுத்தார். பெரும்பாலானவை திகைத்து நின்றன. ஏற்கெனவே குச்சிகளோடு பழகியிருந்த ஒன்றுதான் தடையின்றிச் செய்து முடித்தது.

பிறகு பர்ச் செய்த காரியம் மிக எளியது. விலங்குகள் இருந்த இடத்தில் குச்சிகளைப் போட்டுவிட்டு மூன்று நாட்கள் அவற்றின் போக்கில் விட்டுவிட்டார். பாடம் இல்லை, பரிசு இல்லை. அவை குச்சிகளைத் தட்டின, குத்தின, நெம்பின, தோழர்களைச் சீண்டின. மூன்று நாள் கழித்து அதே புதிர். இம்முறை ஆறும் 20 விநாடிக்குள் விடை கண்டன!

ஆக, உட்காட்சி என்ற மின்னல் பொய்யன்று. ஆனால் மின்னல் அடிக்க முதலில் மேகம் திரள வேண்டும். மேகம் திரளுமிடம் விளையாட்டு முற்றம்.

கிளை சொல்லிக்கொடுக்கும் பௌதிகம்

ஏறுவதில் அப்படி என்ன கல்வி இருக்கிறது என்று கேட்பீர்கள். புதுச்சேரி உப்பளத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கொய்யா மரம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எட்டு வயது மகள் அதில் ஏறிவிட்டாள். நான் கீழே நின்றேன். எதிர்வீட்டுப் பாட்டி சத்தம் போட்டார்: "ஏம்ப்பா, பொம்பளப் புள்ளைய மரத்துல ஏத்திட்டு வேடிக்கை பாக்குறியே! எறங்கச் சொல்லு!" மேலிருந்து இன்னொரு குரல்: "அப்பா, அடியில நின்னா கிளை அசையவே இல்ல. நுனிப் பக்கம் போனா எப்படி வளையுது பாரு!"

நான் இளநிலை வகுப்பில் கரும்பலகையில் எழுதும் சூத்திரத்தை அவள் காலால் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு முனை மட்டும் இறுகப் பொருத்தப்பட்ட சட்டத்தின் மறுமுனையில் எடை ஏற்றினால், முனை தாழும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது அடிமரத்திலிருந்து ஒரு மீட்டரில் நின்றபோது கிளை ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால், இரண்டு மீட்டரில் எட்டு சென்டிமீட்டர் தாழும். கிளை முழுவதும் ஒரே பருமன் என்று கொண்ட கணக்கு இது. உண்மையில் நுனி மெலிவதால் இன்னும் அதிகமாகவே தாழும்.

வளர்ந்த சிம்பன்சியின் எடை 40 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அந்த எடையோடு பழம் பறிக்க நுனிக்கிளைக்குப் போகும் விலங்குக்கு இந்த மும்மடிக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. எது வளையும், எது ஒடியும், எந்த இடத்தில் எடையை இரண்டு கிளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் குட்டிப் பருவத்தில் தொங்கி விளையாடித்தான் அது தெரிந்துகொள்கிறது.

இன்னொரு செய்தி. காட்டுச் சிம்பன்சி ஒவ்வோர் இரவும் கிளைகளை வளைத்துப் பின்னி ஒரு படுக்கை கட்டிக்கொள்கிறது. குட்டிகள் பகல் நேரத்தில் சின்னச் சின்னப் படுக்கை கட்டி விளையாடும். நம் வீட்டுக் குழந்தைகள் சொப்பு வைத்துச் சமைப்பது போல. 1960களில் பெர்ன்ஸ்டைன் என்பவர், காட்டில் பிறந்த சிம்பன்சிகளுக்கும் கூண்டில் பிறந்தவற்றுக்கும் படுக்கைக்கான பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். காட்டில் பிறந்தவை கட்டின. கூண்டில் பிறந்தவற்றில் பெரும்பாலானவைக்குக் கட்டத் தெரியவில்லை. இரத்தத்திலேயே ஊறியது என்று நாம் நினைக்கும் தொழில்கூட, சிறுவயதில் கிளை கிடைக்காவிட்டால் வராமல் போகிறது.

ஏணி கண்டுபிடித்த கதை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் எமில் மென்செல் என்ற ஆராய்ச்சியாளர், இளம் சிம்பன்சிக் கூட்டம் ஒன்றை வேலியிட்ட பெரிய திறந்தவெளியில் வளர்த்தார். மரங்களின் பட்டையை உரித்துவிடாதபடி அடிமரத்தில் மின்கம்பி சுற்றியிருந்தார்கள். உள்ளே கழிகளும் கிளைகளும் கிடந்தன. சிம்பன்சிகள் நெடுநாள் கழியை நிமிர்த்து ஏறிக் குதித்து விளையாடின. பின்னர் ஒரு கட்டத்தில் கழியைச் சுவரில் சாய்த்தன. பிறகு மரத்தில் சாய்த்தன. மின்கம்பியைத் தாண்டி மேலே போய்விட்டன! யாரும் கற்பிக்காமலே ஏணி பிறந்தது. 1972இல் மென்செல் இதை வெளியிட்டார். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் 1971இல் சிம்பன்சிகளுக்கென்று தொடங்கிய திறந்தவெளித் தீவிலும் இதுவே நடந்தது. அங்கே ஒன்று ஏற, இன்னொன்று கிளையின் அடியைப் பிடித்துக்கொண்டதை ஃபிரான்ஸ் டி வால் தம் 1982ஆம் ஆண்டு நூலில் விவரிக்கிறார்.

அடியைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவர் வழவழப்பானது, தரையின் உராய்வுக் கெழு 0.5 என்று கொள்வோம். வெறும் ஏணி 45 பாகை சாய்வுக்கு மேல் இருந்தால் நழுவாது. ஆனால் எடை குறைந்த கழியில் கனத்த ஆள் உச்சிவரை ஏற வேண்டுமானால் சாய்வு 63 பாகைக்கு மேல் வேண்டும். 50 பாகையில் சாய்த்த கழி, வெறுமனே இருக்கும்போது சாதுவாக நிற்கும். ஆள் பாதி தூரம் தாண்டிச் சற்று மேலே போனதும் சறுக்கிவிடும். கீழே ஒரு துணை பிடித்துக்கொண்டால்தான் உச்சிக்குப் போகலாம். நம்மூரில் வெள்ளையடிக்க வருகிறவர், "ஏணியைப் புடிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு ஏறுகிறாரே, அதே பௌதிகம்!

2019 பிப்ரவரியில் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சிகள் ஒடிந்த மரக்கிளையைச் சுவரில் சாய்த்து வெளியே வந்து நின்றபோது உலகமே வியந்தது. வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவற்றுக்கு மரமும் கிளையும் கிடைத்திருந்தன, அவ்வளவுதான்.

யாருடைய கண்ணுக்காகக் கட்டுகிறோம்?

இனி நம் பக்கம் வருவோம். சென்னையில் 1855இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை இந்தியாவின் மிகப் பழமையான ஒன்று. நகருக்கு நடுவே கம்பிக்கூண்டுகளாக இருந்த அது, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கூண்டு போய் அகழி சூழ்ந்த திறந்தவெளி வந்தது. சிம்பன்சிகளுக்கு நீந்த வராது; எனவே அகழியே வேலியாகும். இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை.

ஆனால் 'திறந்தவெளி' என்ற சொல்லோடு நாம் திருப்தி அடைந்துவிடலாமா? சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு வெளி மாநில மிருகக்காட்சிசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். சிம்பன்சியின் இடம் பார்க்க மிக அழகாக இருந்தது. பச்சைப் புல்வெளி. வண்ணம் பூசிய சிமெண்டுப் பாறை. நடுவில் சிமெண்டில் செய்த மரம், கிளைகள்கூட உண்டு. வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு இயற்கையா இருக்கு!" என்றார்கள். சிம்பன்சியோ பாறையின் நிழலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தோம். அதே இடம், அதே நிலை. "சார், இது சோம்பேறிக் குரங்கு" என்றான் ஒரு மாணவன்.

சோம்பல் குரங்கினுடையதா, கட்டியவருடையதா? புல்வெளி நம் கண்ணுக்குப் பசுமை. ஏறி வாழும் விலங்குக்கு அது வெறும் தரை. சிம்பன்சியின் வீட்டைச் சதுர மீட்டரில் அளப்பது தவறு; கன மீட்டரில் அளக்க வேண்டும். சிமெண்டு மரம் ஏற உதவும். ஆனால் அது வளையாது, ஆடாது, முறியாது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே நாளையும் இருக்கும். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட ஆசிரியரிடம் மறுநாள் எதற்காகப் போவது?

மாற்று வழிக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். உயரமான மரத்தூண்கள், அவற்றுக்கிடையே தளர்வாகக் கட்டிய கயிறுகள், தொங்கும் படுக்கைகள் போதும். தீயணைப்பு வண்டியில் கழித்துவிட்ட குழாய்களைப் பின்னி உலகின் பல விலங்ககங்கள் ஊஞ்சல் செய்கின்றன. எங்கள் பக்கம் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கிடைக்கும் பழைய வடக்கயிறு போதுமே! தளர்ந்த கயிற்றில் ஒரு சிம்பன்சி ஏறினால், மறுமுனையில் இருக்கும் இன்னொன்றுக்கும் கயிறு ஆடும். அந்த ஆட்டமே ஓர் அழைப்பு. கயிற்றின் இடத்தை அவ்வப்போது மாற்றிக் கட்டினால் புதிய கேள்வித்தாள் தயார்.

எனவே அடுத்த முறை மனிதக் குரங்கின் இடத்தைப் பார்க்கும்போது, அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் ஏற முடியும்? ஏறும் பொருள் அதன் எடைக்கு அசைந்து கொடுக்கிறதா? அது எடுத்து, இழுத்து, ஒடித்து விளையாடக் கழற்றக்கூடிய பொருள் ஏதேனும் உண்டா? விளையாடத் துணை உண்டா? நான்கில் எதற்குமே விடையில்லை என்றால், அகழிக்குள்ளும் இருப்பது கூண்டுதான்.

ஒரு கணக்காளர் கட்டிய காடு

இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை எழுதியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பாலா அமரசேகரன், இலங்கையில் பிறந்தவர். இளவயதில் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் குடும்பத்தோடு போனார். கணக்காளராகத் தொழில் செய்தார். 1988இல் ஒரு கிராமத்தில் நோயுற்றுக் கட்டிக்கிடந்த சிம்பன்சிக் குட்டியைக் கண்டு, அவரும் மனைவியும் சிறு தொகை கொடுத்து வாங்கி வந்தார்கள். புரூனோ என்று பெயரிட்டார்கள். வீட்டில் வளர்ந்த புரூனோ நாளடைவில் மனித பலத்துக்கு அடங்காதவனாக ஆனான். சிம்பன்சியின் இடம் வீடு அல்ல என்பது புரிந்தது. 1995இல் தலைநகர் ஃப்ரீடவுனை ஒட்டிய காட்டில் தாக்குகாமா சிம்பன்சி சரணாலயம் உருவாயிற்று.

தாயை வேட்டையில் இழந்து, கயிற்றில் கட்டி விற்கப்பட்ட குட்டிகள் அங்கே வந்து சேர்கின்றன. முதலில் தனிமையும் மருத்துவமும். பிறகு ஒத்த வயதுத் தோழர்களோடு ஏறவும் தொங்கவும் வசதியுள்ள கூடம். அதன் பிறகு, வேலியிட்ட உண்மையான காடு. ஒரே நாளில் காட்டில் கொண்டுபோய் விடுவதில்லை. கிளையை நம்பக் கற்றுக்கொள்ளக் காலம் வேண்டுமல்லவா?

எளிதாக நடந்த காரியமன்று இது. 1991இலிருந்து 2002 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர். 2006இல் புரூனோ உட்பட 31 சிம்பன்சிகள் தப்பி வெளியேறின. ஓர் ஓட்டுநர் உயிரிழந்தார். பெரும்பாலானவை திரும்பின, புரூனோ திரும்பவேயில்லை. சிம்பன்சி பொம்மையன்று என்பதற்கு அந்தத் துயரம் சாட்சி. 2019இல் சியரா லியோன் சிம்பன்சியைத் தன் தேசிய விலங்காக அறிவித்தது. ஆனாலும் சுற்றியுள்ள காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, 2025 மே மாதத்தில் சரணாலயம் பார்வையாளர்களுக்குத் தன் கதவை மூடியது. முற்றத்தைச் சுற்றிக் காடு இல்லாவிட்டால் முற்றமும் நிலைக்காது.

முற்றம் பறிபோனவற்றின் நிலை என்ன? ஆஸ்திரியாவில் மருந்துச் சோதனைக்காக அடைக்கப்பட்டிருந்த சிம்பன்சிகள், ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் 2011இல் ஒரு சரணாலயத்தின் திறந்தவெளிக்கு விடப்பட்டன. கதவு திறந்தது. அவை பாய்ந்து ஓடவில்லை. வாசலில் தயங்கி நின்றன, ஒன்றையொன்று கட்டியணைத்துக்கொண்டன. பிறகுதான் புல்லில் கால் வைத்தன.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி உண்டு. 2019இல் கொல்கத்தாவில், கடத்தல் வழக்கில் சிக்கிய மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத்துறை சொத்தாக முடக்கியது. ஒன்றின் மதிப்பு 25 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அவை அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் வைக்கப்பட்டன. அதே 2019இல் டில்லி மிருகக்காட்சிசாலையில் ரீட்டா என்ற சிம்பன்சி ஏறத்தாழ 59 வயதில் இறந்தது. 59 ஆண்டு என்றால் 21,000 நாட்களுக்கு மேல்! சொத்தின் மதிப்பைக் கணக்கிடத் தெரிந்த நாம், ஒரு சிம்பன்சி தன் இருபத்தோராயிரம் காலைகளில் எழுந்து என்ன செய்யும் என்பதையும் கணக்கிட வேண்டாமா?

மறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"சிம்பன்சிக்குப் பௌதிகம் தெரியும் என்பது மிகை" என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான மறுப்பே. கோலரின் சிம்பன்சிகள் பெட்டிமேல் பெட்டி அடுக்கியபோது ஈர்ப்பு மையத்தைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. கோணல்மாணலாக அடுக்கின, சில சமயம் பெட்டியைச் சுவரில் அழுத்திப் பிடித்து, அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தன. 2000ஆம் ஆண்டில் டேனியல் பவினெல்லி, ஏழு சிம்பன்சிகளைப் பல புதிர்களால் சோதித்து, எடை, விசை போன்ற கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை என்று ஒரு நூலே எழுதினார்.

எனக்கும் இது உடன்பாடே. சிம்பன்சியின் பௌதிகம் தசையில் இருக்கிறது, சொல்லில் இல்லை. ஆடும் பெட்டிக் கோபுரத்தின் மேல் அது விழாமல் நிற்பது, கோபுரத்தைச் சரியாகக் கட்டியதால் அல்ல. தன் உடம்பைச் சரியாக வைத்துக்கொள்வதால். தசையில் உள்ளதைச் சொல்லாகவும் சூத்திரமாகவும் மாற்றுவது மனிதனின் வேலை. ஆனால் தசையில் எதுவுமே இல்லாதபோது மனிதன்தான் எதை மாற்றுவான்?

"நம் குழந்தைகளுக்கே விளையாட இடமில்லை, குரங்குக்கு என்ன வந்தது?" என்றும் கேட்கலாம். இரண்டும் ஒரே கேள்வி என்பதுதான் என் பதில். நான் தமிழ்வழியில் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடத்து அலமாரிக்குப் பூட்டு உண்டு. கண்ணாடி வழியாகத் தராசைப் பார்ப்போம். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் பூட்டுத் திறக்கும். இன்று என் வகுப்புக்கு வரும் மாணவர்களில் பலர் ஏணிக் கணக்கைத் தவறின்றிப் போடுகிறார்கள். "யாராவது ஏணியைச் சாய்த்து ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டால், அறுபது பேரில் ஏழெட்டுக் கைகள்தான் உயர்கின்றன. குச்சியே தராமல், மின்னல் ஏன் அடிக்கவில்லை என்று அவர்களைக் கோபிப்பது என்ன நியாயம்? சுல்தானின் கதையில் முற்றத்தை வெட்டிவிட்டுப் படிப்பவர்தான் நாளை ஆசிரியராகி வகுப்புக்குள் நுழைகிறார். ஆகவேதான் இந்தப் பிழையைச் சிறியதென்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

படித்து முடித்ததும் ஒரு சிறு விளையாட்டு. முதலில் ஒரு பென்சிலை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தப் பாருங்கள். விழுந்துவிடும். பிறகு நீளமான ஒட்டடைக் கம்பை எடுத்து நிறுத்துங்கள். கையைச் சற்று அசைத்து அசைத்து நெடுநேரம் நிறுத்திவிடலாம்! ஒரே மாதிரிக் கழிகளில், நீளம் நான்கு மடங்கானால் சாய்ந்து விழ எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மடங்காகும். சிக்கா நீண்ட கழிகளில் ஏறியதன் இரகசியத்தில் ஒரு பங்கு இதுதான். சூத்திரம் அவளுக்குத் தெரியாது. ஆனால் கழி அவள் கையில் இருந்தது. நிமிர்த்து ஏற ஒரு முற்றமும் இருந்தது.

கம்பு விழுந்து கண்ணாடியை உடைத்துவிடாதபடி வெளியே போய் விளையாடுங்கள். யாராவது கேட்டால், பாடம் படிப்பதாகச் சொல்லுங்கள்.